பூட்டை எடுத்தவர்

ஏ புள்ள,

அந்தப் புத்தகத்தை நேற்று எடைக்குப் போட்டுவிட்டேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நான் அழுதேன் என்று நீ எதையாவது கற்பனை செய்துகொள்ளக் கூடாது.

கட்டிலுக்கு அடியில் கிடந்த அட்டைப்பெட்டியைத் திறந்ததும் கரப்பான்பூச்சி வாடை குப்பென்று மூக்கில் அடித்தது. அந்த வாடை வந்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது, உனக்குத் தெரியும். மேலே பழைய துணி, அதற்குக் கீழே ஸ்பைரல் போட்ட நம்முடைய மல்டி திரெடிங் கையேடு. அட்டை முழுக்கக் கரும்புள்ளிகளாகக் கரப்பான் கழிவு. பிரித்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்தன. தெருவில் போன பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டேன். அவர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "கம்பிய உருவிக் குடுங்கக்கா, இல்லேன்னா வேணாம்" என்றார். உருவிக் கொடுத்தேன். சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவியும் கையில் வாடை போகவில்லை. அந்தக் கையோடுதான் உனக்கு இதை எழுதுகிறேன்.

புதிதாக இருந்தபோதும் அது சகிக்க முடியாத புத்தகம்தான். படிப்பு முடித்த கையோடு நீ சமயநல்லூரிலிருந்தும் நான் டி. கல்லுப்பட்டியிலிருந்தும் வந்து பசுமலையில் அந்த ஆபீஸில் சேர்ந்தோம். கீழே பரோட்டாக் கடை, மாடியில் நாம். கல்யாண மண்டபங்களுக்கு முன்பதிவு சாஃப்ட்வேர் எழுதும் கம்பெனி. கம்பெனி என்றால் நீ, நான், முதலாளி, மூச்சு வாங்கும் ஒரு பழைய சர்வர், படியேறி வரும் எண்ணெய்ப் புகை, அவ்வளவுதான். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் நம் தலைமுடியில் சால்னா மணக்கும். "மல்டி திரெடிங் படிச்சுக்கங்கம்மா, அது தெரியாம இனிமே பொழைக்க முடியாது" என்று சொல்லி நம் முதலாளி, அந்த ஆள்தான், கையேட்டை மேசைமேல் போட்டார். அவர் அதை ஒரு தடவைகூடத் திறந்ததில்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. நாம் நகல் எடுத்ததும் வாங்கிக்கொண்டு போய்த் தன் வீட்டு ஷோகேஸில் வைத்துக்கொண்டார்.

ஜெராக்ஸ் கடைக்காரர் வலது ஓரத்தைச் சாப்பிட்டுவிட்டார். ஒவ்வொரு வரியின் வாலும் இல்லை. மீதியை நாம் யூகித்துப் பென்சிலால் எழுதிக்கொண்டோம். யூகம் தப்பினால் கம்ப்யூட்டர் அப்படியே உறைந்து நிற்கும். நீ மானிட்டரின் தலையில் ஒரு தட்டுத் தட்டி, "எந்திரி, எரும" என்பாய்.

விஷயம் என்னவோ எளிதுதான். ஒரே புரோகிராமுக்குள் பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓடவிடலாம். அப்படி ஓடும் ஒவ்வொன்றும் ஒரு திரெட். தனித்தனியாக ஓடும்வரை தொந்தரவு இல்லை. இரண்டு திரெட்டும் ஒரே பொருளில் கை வைத்தால்தான் வினை. இவ்வளவையும் சொல்ல அந்தப் புத்தகம் பக்கம் பக்கமாக இழுத்தது. அதிலும் அந்த முள்கரண்டிக் கதை! வட்ட மேசையைச் சுற்றி ஐந்து பேர். நடுநடுவே ஐந்து முள்கரண்டி. ஒருவன் சாப்பிட இரண்டு வேண்டும். பக்கத்துக்காரன் வைத்த பிறகு அதை எடுத்து இவன் சாப்பிட வேண்டும். எல்லோரும் ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றுக்குக் காத்திருந்தால் யாரும் சாப்பிட முடியாது. இப்படி மாட்டிக்கொண்டு நிற்பதற்கு டெட்லாக் என்று பெயர், இதுதான் பாடம். நாம் பாடத்துக்குப் போகவே இல்லை.

"இரு, இரு. அவன் வாயில வச்சத எடுத்து இவன் வாயில வைக்கிறானா?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

"கழுவ மாட்டானுகளா?"

"கழுவுறதப் பத்தி ஒண்ணும் போடல."

"சீ! எச்சிக்கரண்டிடி! இவனுக பட்டினி கெடந்து சாகட்டும், நமக்கென்ன?" என்று நீ புத்தகத்தை மூடிவிட்டாய். எனக்கும் குமட்டியது. மேற்கொண்டு படிக்க உட்கார்ந்தபோதெல்லாம் அந்தக் கரண்டிதான் கண்முன் வந்தது. டெட்லாக் என்ற எவ்வளவு பெரிய விஷயத்தை நாம் எச்சில் பட்டுவிட்டது என்பதற்காக அத்தனை நாள் தள்ளிப்போட்டோம். வேறு எந்த ஊரிலும் யாரும் இந்தக் காரணத்துக்காக அந்த அத்தியாயத்தில் சிக்கி நின்றிருக்க மாட்டார்கள்.

இரண்டு திரெட் ஒரே பொருளில் கை வைத்தால் வரும் வினை உனக்கு விளங்கியது பெரியார் பஸ் ஸ்டாண்டில். திருமங்கலம் பஸ் உள்ளே திரும்பும்போதே கூட்டம் கூடவே ஓடும். டவுனில் ஒரு வேலையாகப் போய்த் திரும்பிய அன்றைக்கு நீ ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு டிபன் பையை சீட்டில் போட்டாய். நாம் இடிபட்டு, மிதிபட்டு, யாருடைய வியர்வையையெல்லாமோ நம் முகத்தில் துடைத்துக்கொண்டு உள்ளே போனால், அடுத்த ஜன்னல் வழியாக வந்த ஒரு மஞ்சள் பை நம் பைக்குப் பக்கத்தில் அதே சீட்டில் உட்கார்ந்திருந்தது. அந்தப் பைக்குச் சொந்தக்காரம்மா மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார்.

"நான் பாக்கையில சீட்டு காலியாத்தான் இருந்துச்சு" என்றார் அந்தம்மா.

"நான் பாக்கையிலயும் காலியாத்தான் இருந்துச்சு" என்றாய் நீ.

சொல்லிவிட்டு அப்படியே நின்றாய். சண்டையை விட்டுவிட்டாய். அந்தம்மா உட்கார்ந்துகொண்டார். நீ கம்பியைப் பிடித்துக்கொண்டு என் காதில் கத்தினாய்: "ஏய், ரெண்டு பேருமே பொய் சொல்லலடி! பாக்குறது ஒண்ணு, உக்காருறது ஒண்ணு. அதுக்கு நடுவுல இருக்கு பாரு, அங்கதான் அம்புட்டுக் கோளாறும்!" பழங்காநத்தம் தாண்டும்வரை கத்திக்கொண்டே வந்தாய். பக்கத்தில் நின்றவர்கள் உன்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். எனக்கு ஒரு காலை எங்கே வைத்திருக்கிறேன் என்றே தெரியவில்லை. ஆனால் பாடம் ஏறிவிட்டது. அதன் பிறகு அந்தப் புத்தகம் நமக்குத் தேவைப்படவே இல்லை.

முன்பதிவு புரோகிராமில் அந்தப் பகுதியை நீதான் எழுதினாய். ஒவ்வொரு மண்டபத்துக்கும் இரண்டு இடத்தில் பதிவு நடக்கும்: மண்டபத்திலேயே ஓரிடம், டவுனில் ஓனருடைய கடையில் இன்னோரிடம். முகூர்த்த நாள் என்றால் இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் ஆள் வந்து நிற்பார்கள். ஒருவர் தேதி காலியா என்று பார்த்து, பதிவு செய்து முடிக்கும்வரை இன்னொருவர் அந்தத் தேதியைத் தொட முடியாதபடி நீ ஒரு பூட்டுப் போட்டாய். லாக் என்பார்களே, அதுதான். சில வரிகள்தான். எழுதிவிட்டு நாற்காலியில் சாய்ந்து, "இனிமே ஒரே மண்டபத்துல ரெண்டு மாப்பிள்ளைக்கு வேலையில்லடி" என்று சிரித்தாய்.

அந்தச் சர்வர் இருந்த லட்சணத்துக்கு, எல்லா மண்டபமும் ஒரே நேரத்தில் கேட்டால் அது திணறியது. 'காத்திருக்கவும்' என்று திரையில் கொஞ்ச நேரம் நிற்கும். சாஃப்ட்வேரைப் புதிதாக வாங்கப்போகும் மண்டபக்காரர்கள் பார்க்க வருவதற்கு முந்தின நாள் அந்த ஆள் நம் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். வாயில் பாக்கு.

"எதும்மா இப்படி நிக்க வைக்குது?"

"எல்லா மண்டபத்துக்கும் சேத்து ஒரே லாக் சார். ரெண்டு நாள் குடுங்க, மண்டபத்துக்கு ஒண்ணாப் பிரிச்சுடுறேன். வெயிட்டிங் கொறஞ்சுரும்."

"ரெண்டு நாளா? நாளைக்கு ஆளுக வாராங்க. அந்த லாக்கத் தூக்கு."

"தூக்குனா ஒரே தேதிய ரெண்டு பேருக்குக் குடுத்துரும் சார்."

"அதெல்லாம் ஆயிரத்துல ஒரு தடவ நடக்கும். எந்திரிம்மா."

நீ எழுந்திருக்கவில்லை. "என் கையால எடுக்க மாட்டேன் சார்" என்றாய். அவர் உன் நாற்காலியை உன்னோடு சேர்த்து ஓரமாகத் தள்ளினார். சக்கர நாற்காலி, சுவரில் போய் இடித்தது. பாக்குக் கறை படிந்த விரலால் அந்த வரிகளுக்கு முன்னால் ஒவ்வொரு கோடாகப் போட்டு அவற்றைக் கம்ப்யூட்டர் படிக்காத செத்த வரிகள் ஆக்கினார். நான் பக்கத்து மேசையில் இருந்தேன். "சார், வேணாம் சார்" என்றேன். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. விசைப்பலகையை நீ டெட்டால் போட்டுத் துடைத்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அதற்குப் பிறகு உன் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம் கூடியது. உன் அம்மா ஊரெல்லாம் பெருமை பேசி, "எம் மக செஞ்ச கம்ப்யூட்டரு இருக்குற மண்டபத்துலயே பிடிங்க" என்று சித்தப்பாவை அனுப்பிவைத்தார். அவர் மண்டபத்துக்குப் போய்ப் பதிவு செய்தார். அதே நிமிடம் டவுன் கடையில் வேறொரு குடும்பம் அதே முகூர்த்தத்தைப் பதிவு செய்தது. இரண்டு திரையிலும் காலி என்றே காட்டியது. இருவருக்கும் ரசீது வந்தது. சர்வரில் மட்டும் ஒருவர் மேல் இன்னொருவர் எழுதப்பட்டு, சித்தப்பாவின் பெயர் இல்லாமல் போனது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியம் மண்டப வாசலில் ஃபிளெக்ஸ் கட்ட ஆள் வந்தார்கள். ஒரு வேனில் அல்ல, இரண்டு வேனில். ஒரு ஃபிளெக்ஸில் உன் சித்தப்பா மகள், இன்னொன்றில் முன்பின் தெரியாத ஒரு பெண். படத்தில் கீழே ஆளுயரத்துக்கு இரண்டு பக்கத்துத் தாய்மாமன்களும் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு நின்றார்கள். ஏணியை யார் முதலில் சாத்துவது என்று ஆரம்பித்த வாய்ச்சண்டை சட்டையைப் பிடிப்பதில் முடிந்தது. சர்வரில் பெயர் இருந்தவர்களுக்குத்தான் மண்டபம் என்று ஓனர் சொல்லிவிட்டார். உன் தங்கை கழுத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் தாலி ஏறியது. பந்தி தகர ஷெட்டில். மாப்பிள்ளை வீட்டார் பேசிய பேச்சை நீ என்னிடம் முழுதாகச் சொன்னதே இல்லை.

அந்த ஆள் என்ன செய்தார்? முதல் வேலையாகத் தான் போட்ட கோடுகளை அழித்துப் பூட்டைத் திரும்பக் கொண்டுவந்தார். அதைச் செய்து முடித்த பிறகு சர்வருக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டினார். வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்தார். பரோட்டாக் கடைக்கு வந்த ஒருவர் அதில் வழுக்கி விழுந்தார். அதன் பிறகு ஒரு கோளாறும் வரவில்லை என்று எலுமிச்சம்பழத்துக்கு நல்ல பெயர் வந்தது. வந்தவர் போனவர் எல்லாரிடமும் அந்த ஆள் சொன்னார்: "கல்யாணம் ஆகாத புள்ள எழுதுன புரோகிராமு, அடுத்தவன் கல்யாணத்தக் கெடுக்கத்தான செய்யும்?" சொல்லிவிட்டுச் சிரித்தார். அவருடைய பல்லில் பாக்குத்தூள் ஒட்டியிருந்தது. எத்தனையோ அசிங்கங்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சிரிப்பைப் போல ஒன்றைப் பார்த்ததில்லை.

உன் அம்மாவுக்கும் அவர்தான் முதலில் போன் போட்டார். "ஒங்க பொண்ணு கவனக்கொறவா இருந்துருச்சு" என்று. நீ வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னபோது அம்மா காது கொடுக்கவில்லை. "செய்யுறதையும் செஞ்சுட்டு மொதலாளி மேல பழி போடாத" என்றார். அதற்குப் பிறகு அம்மா சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷம் எதற்கும் போகவில்லை. காதுகுத்துக்குக்கூட உடம்பு சரியில்லை என்று சொல்லி வீட்டில் இருந்துகொண்டார். நான் வந்து பேசுகிறேன் என்றேன். "நீ வராத. ரெண்டு கூட்டாளிகளும் சேந்து கத கட்டுறாளுகன்னுதான் சொல்லும். திரெட்டுன்னா என்னன்னு எங்கம்மாவுக்கு நான் எங்கிட்டுப் போயி ஆரம்பிக்க?" என்று என்னைத் தடுத்துவிட்டாய். கோயம்புத்தூருக்கு வேலை மாறிப் போனாய். உன் மேல் எனக்கு இருக்கும் கோபம் இது ஒன்றுதான். பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்கள் காதெல்லாம் கிழியக் கத்தியவளுக்குப் பெற்ற தாயிடம் கத்த வாய் வரவில்லை.

அப்புறம் நீ ஊருக்கு வந்த ஒரு நாள், நாலு வழிச் சாலையில், லாரி. அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

பதினாறாம் நாள் உங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டுப் படத்திறப்பு வைத்தார்கள். உன் சித்தப்பா குடும்பமும் வந்திருந்தது. அந்த ஆளும் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் கனமான ரோஜா மாலை. மாலையை உன் படத்துக்குப் போட்டுவிட்டு, டிரைவர் செல்போனில் சரியாகப் படம் எடுத்தாரா என்று வாங்கிப் பார்த்தார். சரியில்லை போலிருக்கிறது. மாலையைக் கழற்றித் திரும்ப ஒரு தடவை போட்டார். அப்புறம் மைக்கைக் கையில் வாங்கினார்.

"இந்தப் புள்ள நம்மகிட்டதான் தொழில் கத்துக்கிச்சு. சின்ன வயசு, ஒரு தப்பு நடந்துபோச்சு. அந்தக் கல்யாண விஷயம் இங்க எல்லாருக்கும் தெரியும். நான் அன்னைக்கே மன்னிச்சுட்டேன். இன்னைக்கு இந்தப் படத்துக்கு முன்னாடி நின்னு மறுபடியும் சொல்றேன், மன்னிச்சுட்டேன்."

பெரிய மனுசன் என்று யாரோ சொன்னார்கள். சிலர் தலையாட்டினார்கள். உன் அம்மா தலையைக் குனிந்துகொண்டு முந்தானையால் வாயைப் பொத்தினார். நீ செத்த பிறகும் அவருக்கு உன்னால் வெட்கம். அதைப் பார்த்த பிறகு என்னால் உட்கார முடியவில்லை. நீ போட்ட தடையெல்லாம் இனி எனக்கு எதற்கு?

"சார், அந்த லாக்க எடுத்தது யாரு?" என்றேன்.

"அது டெக்னிக்கல் விஷயம்மா. இங்க எதுக்கு?"

"டெக்னிக்கல்னா நான் சொல்றேன். ஒரு தேதிய ஒருத்தர் எழுதிக்கிட்டு இருக்கும்போது இன்னொருத்தர் தொடாம இருக்க அவ ஒரு பூட்டுப் போட்டிருந்தா. யாவாரத்துக்கு வந்தவங்க முன்னாடி மெதுவாத் தெரியக் கூடாதுன்னு நீங்க எடுத்தீங்க. எடுக்காதீங்கன்னு அவ சொன்னா. நானும் சொன்னேன். அவ நாற்காலியத் தள்ளிவிட்டுட்டு எடுத்தீங்க."

பந்தலில் சலசலப்பு. "ரெண்டு பேரும் கூட்டாளிகல்ல, அப்படித்தான் பேசும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். நீ பயந்த அதே வார்த்தை. உன் அம்மா எழுந்து என்னிடம் வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏத்தா, எனக்கு நீ சொல்றது ஒண்ணும் வெளங்கல. பூட்டுனது ஆரு?"

"அவதாம்மா."

"எடுத்தது?"

"அவரு."

அம்மா அந்த ஆள் பக்கம் திரும்பினார். "நெசமாய்யா?"

"அம்மா, பிசினஸ்னா சில நேரம் ஒரு முடிவு எடுக்க வேண்டி இருக்கும். அந்த நேரத்துல..."

அவர் இல்லை என்று சொல்லவில்லை. பந்தலில் இருந்த எல்லோருக்கும் அது கேட்டது. உன் அம்மா உன் படத்தின் பக்கம் போனார். அந்த ரோஜா மாலையை மட்டும் கழற்றினார். கொண்டுவந்து அந்த ஆளின் இரண்டு கையிலும் வைத்தார்.

"எம் மக ஒங்ககிட்ட மன்னிப்புக் கேட்டாளா?"

அந்த ஆள் டிரைவரைத் தேடித் திரும்பினார்.

"கேக்காதத எதுக்குய்யா குடுத்தீக? எடுத்துக்கிட்டுப் போங்க."

உன் சித்தப்பா எழுந்து, பந்தல் வாசலில் கிடந்த செருப்புகளைக் காலால் ஓரம் தள்ளி அவருக்கு வழி விட்டார். மாலையைக் கையில் பிடித்தபடியே அந்த ஆள் காருக்குப் போனார். உன் அம்மா கீழே உட்கார்ந்து அழுத அழுகை வேறு மாதிரி இருந்தது. "எங்கிட்ட சொன்னாளே, எங்கிட்ட சொன்னாளே" என்று தரையில் அடித்துக்கொண்டார். சித்தப்பா மகள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு நான் உங்கள் வீட்டில் சாப்பிட்டேன், நன்றாகவே சாப்பிட்டேன். உன் அம்மா அவரைக் கேட்ட கேள்வி உன் காதில் விழாமல் போனதுதான் எனக்கு ஆறவில்லை.

நான் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறேன். இங்கே எண்ணெய்ப் புகை இல்லை, ஏசி இருக்கிறது. ஆனால் "லாக் எதுக்கு, ஸ்லோ ஆகுது, எப்பவாவது ஒரு தடவதான நடக்கும்" என்று சொல்கிறவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். அதைக் கேட்டதும் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். அது நீ எனக்கு விட்டுப்போனது. அதைக் கழுவிவிட நான் நினைக்கவில்லை.

நான் எழுதும் ஒவ்வொரு பூட்டுக்கு மேலேயும் தமிழில் ஒரு வரி எழுதி வைக்கிறேன்: 'இதை எடுப்பவர் தன் பெயரைக் கீழே எழுதிவிட்டு எடுக்கவும்.' கூட வேலை பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு. சிரித்துவிட்டுப் போகட்டும். போன வாரம் எனக்கு மேலே இருக்கிறவர் ஒரு பூட்டை எடுத்தே தீருவேன் என்று வந்து உட்கார்ந்தார். அந்த வரியைப் படித்தார். விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்து, "வேற வழி ஏதாச்சும் இருக்கா பாப்போம்" என்றார்.

அந்த வரிக்குக் கீழே இன்னும் யாருடைய பெயரும் இல்லை, புள்ள.